திறப்புக்காரி

எங்கள் வீட்டைப் பற்றி ஒரு நாவல் வந்திருக்கிறது என்று தம்பிதான் முதலில் சொன்னான். வாங்கி வாசித்தேன். வாசித்து முடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுதியவள் என் சிநேகிதி. வாகரைக்காரி. வாழைச்சேனையில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். சுனாமி அவளுடைய அம்மாவையும் வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோனது. தகப்பனும் அவளும் அகதி முகாமில் இருந்தார்கள். பரீட்சை வரப்போகிறது, அந்தச் சனத்துக்குள் எப்படிப் படிப்பாள் என்று என் அம்மா போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருடம் எங்களோடு இருந்தாள். என் பாயில் படுத்தாள், என் சட்டைகளைப் போட்டாள். கூடப் பிறந்தவளாகவே வைத்திருந்தோம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாவல் லேசில் பிடிபடும் சாமான் அல்ல. கதை முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுகிறது. ஒருவருக்கும் பெயர் கிடையாது. ஒரு வீடு, அதற்குள் மூன்று பெண்கள். உப்புக்காரியின் கூந்தல் எந்த வெயிலிலும் காயாது. கண்ணாடிக்காரி கண்ணாடியைப் பார்த்து மட்டுமே பேசுவாள். மூன்றாமவள் திறப்புக்காரி. இடுப்பில் சாவிக்கொத்தாகத் தொங்கும் திறப்புக்கோர்வை, முகத்தில் எந்நேரமும் சிரிப்பு. ஒவ்வோர் அத்தியாயத்திலும் அவள் உப்புக்காரியிடம் ஒரே வசனத்தைச் சொல்வாள்: “உன்ட வீடெண்டு நினைச்சிக்க புள்ள.” அவள் சொல்லி வாய் மூடியதும் வீட்டில் ஒரு யன்னல் இல்லாமல் போகும். கடைசி அத்தியாயத்தில் யன்னலே கிடையாது, வெறும் சுவர்தான்.

திறப்புக்கோர்வை என் அம்மாவுடையது. வசனம் என்னுடையது. அவள் வந்த முதல் நாள், நனைந்த கோழியாக வாசலில் நின்றவளின் கையைப் பிடித்து நான் சொன்னது அது. அதைவிட அன்பாக என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அதைத் தூக்கி ஒரு பிசாசின் வாயில் வைத்துவிட்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மட்டக்களப்பு நகரத்தில் நாவலுக்கு அறிமுகக் கூட்டம் வைத்தார்கள். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு வருவதென்று புறப்பட்டுப் போனேன். மேடையில் ஒரு விரிவுரையாளர் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். உப்புக்காரி நிலமாம். கண்ணாடிக்காரி புலம்பெயர்ந்தவர்களாம். திறப்புக்காரி அரசாங்கமாம். என் மாமியார் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார். அரசாங்கம் என்று அவர்கூடச் சொன்னதில்லை. மறைகிற யன்னல்கள் யுத்தத்தில் போன வருடங்களின் குறியீடு என்றபோது சபை கைதட்டியது. அவர் வெளியூர்க்காரர். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்குரியது. பெண் பிறந்த நாளிலிருந்து தகப்பனுக்கு அந்த நினைப்புத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடில்லாதவளைக் கேட்டு யாரும் படியேற மாட்டார்கள். என் சிநேகிதியின் தகப்பன் மீன்பாடு கண்ட காலத்தில் கல் வாங்கியும், காணாத காலத்தில் வேலையை நிறுத்தியும் கொஞ்சம் கொஞ்சமாக மகளுக்கென்று எழுப்பிய வீடு அது. கூரை போட்டாயிற்று. யன்னல் பொருத்திப் பூட்டுவது மட்டும் பாக்கி. யன்னலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று வகுப்பில் என்னை எத்தனை தடவை நச்சரித்திருப்பாள்! பச்சை அடி என்றேன் நான்.

அந்த வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவளிடம், என் பெயருக்கு எழுதி வைத்திருந்த வீட்டின் வாசலில் நின்று, இதை உன் வீடென்று நினைத்துக்கொள் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு தடவை அல்ல. அவள் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டபோதெல்லாம் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தின் நடுவில்தான் எனக்கு அது உறைத்தது. குறியீடு ஒன்றுமில்லை ஐயா, அது பூட்டாமல் போன யன்னல் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். கொண்டுபோன கோபத்தில் பாதி கரைந்தது. மற்றப் பாதி அப்படியே இருந்தது.

கூட்டம் முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவள் திருகோணமலையில் படிப்பிக்கிறாள். நான் வாழைச்சேனையில் இறங்கவேண்டும். காற்றுப் படட்டும் என்று அவளை யன்னல் ஓரத்தில் இருத்தினேன். சித்தாண்டி வரைக்கும் பிள்ளைகளைப் பற்றியும் வெக்கையைப் பற்றியும் கதைத்தோம். பிறகு அவளே தொடங்கினாள்.

“புத்தகம் வாசிச்சியா?”

“ஓம்.”

“கோவமா?”

“சே, என்ன கோவம்? நல்லா எழுதியிரிக்காய்.”

அவள் முகம் வாடிப்போனது. பாராட்டிய பிறகு வாடுகிற முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“மெய்யாவா?”

“மெய்யாத்தான். எல்லாரும் எப்பிடிக் கை தட்டினாங்க.”

பஸ் கிரானைத் தாண்டியது. அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“உங்கட வீட்டில எனக்கு ஒரு குறையும் இருக்கல்ல. மீன் சட்டி திறந்தா நடுத்துண்டு எனக்குத்தான். தம்பி அதுக்கு அழுவான், நீ அவன்ட தலையில குட்டுவாய். உனக்கும் அம்மாவுக்கும் விடிஞ்சா சண்டை. என்னை மட்டும் ஒருத்தரும் ஏசல்ல. அம்மாட கலியாணப் பீங்கான நான் போட்டு உடைச்சது நினைவிருக்கா?”

“ஓம், கை தவறி விழுந்ததுதானே.”

“தவறல்ல. வேணுமெண்டுதான் போட்டன். நீ உடைச்சிருந்தா தெருவுக்குக் கேக்க ஏசியிருப்பா. என்னட்ட, காலில கீலில பட்டுதா மகள் எண்டு கேட்டா. அதுக்கு மறுகா நான் ஒண்டும் உடைக்கல்ல.”

அன்று அம்மா அந்தப் பீங்கானுக்காகக் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதார். அது அவள் காதில் விழக்கூடாதென்று குசினிக் கதவைச் சாத்தியவள் நான்தான்.

“நாவல வாசிச்சா நீ வந்து என்னைக் கிழிகிழியெண்டு கிழிப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்” என்றாள்.

கிழிப்பதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. என் அன்பை இப்படியா எழுதுவாய்? செத்துப்போன என் அம்மாவின் இடுப்புத் திறப்பை ஏன் சந்திக்கு இழுத்தாய்? வலித்திருந்தால் அந்த இரண்டு வருடமும் வாயில் என்ன வைத்திருந்தாய்? எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. மெலிந்துபோன அவள் கையைப் பார்த்ததும், பாவம், வீடுவாசல் இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன். கேள்விகள் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன. அந்தப் பாவம் என்கிற நினைப்புத்தான் இத்தனை காலமும் எங்களுக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்திருந்தது. இதை நான் அங்கே, அந்த இருக்கையில் அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

வாழைச்சேனை வந்துவிட்டது. எழுந்து, என் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

“தூரப் பயணம். கவனமாப் போயித்து வா” என்றேன்.

அவள் போத்தலைப் பார்த்தாள். பிறகு, கூட்டத்தில் எல்லாருக்கும் சொன்ன அதே குரலில், “நன்றி” என்றாள்.