மான் மௌத்தான இடம்

மான் வேட்டைக்கென்று எங்கள் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் லைசன் கொடுப்பதில்லை. பயிரைக் காக்கத் துவக்கு கொடுப்போம். வயலுக்குள் வந்த மானைச் சுடலாம். காட்டுக்குள் வைத்துக் கொல்லக்கூடாது. எண்பதுகளில் இதை விளக்குவதற்கே எனக்குச் சம்பளம்.

இறக்காமத்து விவசாயி ஒருவர் வயலில் சுட்ட மான், காட்டுக்குள் ஓடி விழுந்தது. அங்கே இரத்தத்தைக் கண்ட வன இலாகாவினர் முறையிட்டார்கள். துவக்கைப் பறிப்பதா என்று விசாரணை வந்தது. கதிர் பால்பிடிக்கும் நேரம். உள்ளே போகுமுன் அவரிடம் வழி சொன்னேன்.

“காக்கா, நீங்க போறதுக்கு முன்னமே வயல்ல வெச்ச வெடியிலயே செத்துக் கிடந்திச்சு எண்டு சொல்லுங்க. விசயம் முடிஞ்சிடும்.”

“அறுக்காமச் செத்தது ஹராம். அதையா சேர் ஊருக்குத் திங்கக் குடுத்தன்? ஓடிப்போய், உசிர் இருக்கக்குள்ள பிஸ்மி சொல்லி அறுத்தன்.”

“காட்டுக்குள்ள வெச்சா?”

“ஓம். மான் அங்கதானே கிடந்திச்சி?”

உள்ளேயும் அதையே சொன்னார். விதிப்படி துவக்கைப் பறித்தார்கள். ஆணையைத் தட்டெழுதியவன் நான். அடுத்த வாரமே அவருடைய வயலில் பன்றிகள் இறங்கின. அவற்றை அறுக்க வேண்டிய சிக்கல் அவருக்கு இல்லை. சுடத்தான் துவக்கு இல்லை.