ரெண்டரை மணிச் சோறு

எங்க காயல்பட்டினத்துல கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் வந்தார். நாற்பதாம் நாள் சவூதிக்கு விமானம் ஏறினார். முப்பது வருசம் ஆச்சு. பிள்ளைகளும் வேலைன்னு சென்னைக்குப் போயிட்டாங்க. இவ்வளவு பெரிய வீட்டுல நான் ஒருத்திதான்.

எங்க ஆட்கள் சஹன்ங்கிற பெரிய தட்டுல ரெண்டு மூணு பேராச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் லீவுல வந்தா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சஹன். அவர் போன பிறகும் நான் அதை விடல. மத்தியானம் ரெண்டரைக்கு வீடியோ கால் வரும். அங்கே அப்போ மணி பன்னிரண்டு, அவருக்கும் சாப்பாட்டு நேரம். போனைச் செம்புல சாய்ச்சு வச்சுட்டு, அவர் பக்கத்துச் சோத்தைத் தொடாம என் பக்கத்தை மட்டும் சாப்பிடுவேன். பைத்தியக்காரத்தனம்தான், இருந்துட்டுப் போகட்டும். அந்த இருபது நிமிஷந்தான் எனக்குப் புருஷன் இருந்தார்.

சுகருக்கு மாத்திரை கேட்காம போகவும் இன்சுலினுக்கு மாத்தினாங்க. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால ஊசி. நான் ரெண்டு மணிக்குப் போட்டுட்டு அவர் முகத்துக்காக உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் கால் வரல. மூணு மணியும் தாண்டிடுச்சு. கை நடுங்குது, நெஞ்சு படபடங்குது, முதுகெல்லாம் வேர்வை. கோபம்னு நினைச்சேன். முப்பது வருசக் கோபம்லா, நடுங்காம என்ன செய்யும்? 'கூப்பிடட்டும், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடுதேன்'னு சுவரைப் பார்த்துத் திட்டிக்கிட்டிருந்தேன். எதிர்ல சோறு இருக்கு. ஒரு வாய் எடுத்து வைக்க மனசு வரல.

எங்க வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல பொம்பளைங்க போக வர ஒரு கதவு உண்டு. சத்தம் கேட்டு, நான் ராத்தான்னு கூப்பிடுற அந்த வீட்டு அக்கா அது வழியா ஓடி வந்தா. என் நாக்கு குழறுறதைப் பார்த்துட்டுச் சீனித்தண்ணி கலக்கிக் குடிக்க வச்சா. கால்மணி நேரத்துல நடுக்கம் போச்சு, கூடவே கோபமும் போச்சு. எனக்கு அதுதான் வெட்கமா இருந்துச்சு.

மறுநாள் டாக்டரம்மா பிடிபிடின்னு பிடிச்சாங்க. "உடம்பே சுரக்குற இன்சுலின், ரத்தத்துல சீனி குறைஞ்சா தானா அடங்கிடும். ஊசியில போட்டது அடங்காது. நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சீனியை இறக்கிக்கிட்டேதான் இருக்கும். குளுக்ககான்னு இன்னொரு ஹார்மோன் ஈரல்கிட்ட போய், சேத்து வச்ச சீனியைக் குடுன்னு கேக்கும். ஊசி மருந்து அவ்வளவு இருக்கையில ஈரல் லேசுல தராது. கடைசியில அட்ரினலின்தான் கையை நடுங்க வச்சு உங்களை உசுப்பிச்சு. அதைப் போய்க் கோபம்னுட்டு இருந்திருக்கீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நினைவு தப்பியிருக்கும்."

அன்னைக்கு அவர் கூப்பிட்டதும், முந்தின நாள் ஏன் கூப்பிடலன்னுகூடக் கேக்காமச் சொல்லிட்டேன், இனிமே உங்களுக்காகச் சோத்தோட காத்திருக்க மாட்டேன்னு. எனக்கு அழுகை வந்துடுச்சு.

அவர் மெதுவாச் சொன்னார். "ரெண்டு வருசமா எங்களுக்குப் பதினொண்ணுக்கே சாப்பாடு. அந்நேரம் போன் எடுக்க விடமாட்டாங்க. நான் சாப்பிட்டுட்டுத்தான் உன்னைக் கூப்பிடுவேன். நீ பட்டினி கிடக்கக் கூடாதேன்னு ஒரு துண்டு ரொட்டியை வச்சு உன் முன்னால மென்னுக்கிட்டு இருப்பேன்."

ரெண்டு வருசமா நான் தனியாத்தான் சாப்பிட்டிருக்கேன். சாப்பிட்டு முடிச்ச மனுசனுக்காக உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். போனை வச்சுட்டேன்.

மறுநாள் ஒரு மணிக்கே ஊசி போட்டு, ஒண்ணரைக்குச் சோத்துல கை வச்சேன். அங்கே மணி பதினொண்ணு. அந்நேரம் அவரும் எங்கேயோ ஒரு கம்பெனி மெஸ்ஸுல குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருப்பார். முகமும் தெரியல, குரலும் கேக்கல. ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் நாங்க சேர்ந்து சாப்பிட்டோம்.