முணுமுணுப்பை நசுக்கியவள்

ஒலிக்கூடத்தில் அவளுக்குக் 'கொறச்சு வை அக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். யார் எந்தப் பாட்டைப் போட்டிருந்தாலும், கதவைத் திறக்கும்போதே "கொறச்சு வை" என்றுதான் உள்ளே வருவாள். வீட்டில் இன்னும் மோசம். படம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், விளம்பரம் வந்ததும் டிவி ஊரைக் கூட்டும். அவள் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் விளம்பரமே முடிந்துவிடும். கணவர் இதற்கெல்லாம் நடுவில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். கொடுத்துவைத்த மனுஷன்.

பழைய ராக் ஆல்பங்களை ரீமாஸ்டர் செய்வது அக்காவின் வேலை. மூல நாடாவை எடுத்து, இரைச்சலைத் துடைத்து, மறுபடி வெளியிடத் தோதாகத் தேற்றிக் கொடுக்க வேண்டும். துடைப்பதோடு விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? விடமாட்டார் முதலாளி. பக்கத்துக் கம்பெனிப் பாட்டைவிடத் தன் பாட்டு ஒரு பிடி கூடுதலாக அலற வேண்டும் அவருக்கு. ஆனால் சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு, அதற்கு மேல் ஏறாது. அதனால் உச்சத்தில் இருப்பதைத் தட்டி நசுக்கி, அடியில் கிடப்பதையெல்லாம் மேலே தூக்குவார்கள். முணுமுணுப்பும் கூச்சலும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். மூன்றாவது பாட்டிலேயே தலைவலி வரும், எதனால் என்று கேட்பவருக்குத் தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லியே அக்காவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

அப்போதுதான் அந்த ஆல்பம் வந்து சேர்ந்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தையது. முதல் பாட்டில் ஒற்றை கிட்டார் மட்டும். பாடகர் முதல் சரணத்தைக் கிட்டத்தட்ட மூச்சுக்காற்றிலேயே பாடியிருப்பார். என்ன பாடுகிறார் என்று நாம் குனிந்து கேட்கிற நேரம் பார்த்து, டிரம்ஸும் மற்றதும் மொத்தமாக வந்து இறங்கும். கல்லூரியில் படித்தபோது அந்த இடத்தில் நாற்காலியை விட்டே துள்ளியவள் அக்கா. தலைகீழாக நின்றாலும் இதை நசுக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாள். முதலாளியும் சளைக்கவில்லை. இரண்டு விதமாகவும் செய்து வை, ஒப்பந்தப்படி பாடகர் எதற்குச் சரி என்கிறாரோ அதுதான் வெளியே போகும் என்றார். அக்காவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. பாடினவருக்குத் தன் பாட்டு தெரியாதா என்ன?

பாடகர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா நியாயமாகவே நடந்துகொண்டாள். எது சத்தமோ அதுதான் நல்லது என்று காது ஏமாந்துபோகும். அதனால் நசுக்கியதன் சத்தத்தைக் குறைத்து, இரண்டும் சராசரியில் ஒன்றுபோல் ஒலிக்கும்படி வைத்துவிட்டாள். முதலில் தன்னுடையதைப் போட்டாள். சரணம் ஓடியது. பாடகர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். டிரம்ஸ் இறங்கியபோது லேசாகத் திடுக்கிட்டார், அவ்வளவுதான்.

அடுத்து நசுக்கியதைப் போட்டாள். முதல் வரியிலேயே அவர் தலை நிமிர்ந்தது. உதடுகள் கூடவே பாடின. சரணம் முடிவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"இதாம்மா. இதுல நான் பாடுறேன்."

அதிலும் நீங்கள்தான் பாடுகிறீர்கள் என்று அக்கா பதறினாள். மகள்தான் தணிந்த குரலில் விவரம் சொன்னாள். வருஷக்கணக்கில் டிரம்ஸுக்கு முன்னால் நின்று அவர் காது போய்விட்டது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தால், பாட்டு போட்டதும் கரகரக்கிறது என்று கழற்றி எறிகிறார். வெளியே யாருக்கும் தெரியாது, தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள் என்றாள்.

அக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது? அந்த மனிதரின் மெல்லிய குரலுக்காகத்தானே இத்தனை மல்லுக்கட்டு, அவருக்கே அது கேட்கவில்லை என்றால்? அவர் காதருகே குனிந்து, சத்தமாகவே கேட்டுப் பார்த்தாள்.

"ஐயா, இதை உங்களுக்குன்னு தனியா ஒரு காப்பி போட்டுத் தர்றேன். வெளியில மத்தது போகட்டும்."

"ஊருக்கு ஒண்ணு, செவிடனுக்கு ஒண்ணா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "ஏதாவது கடையில என் பாட்டு ஓடினா, நானும் நாலு பேரோட நின்னு கேக்கணும்மா."

அக்கா நசுக்கியதையே வெளியீட்டுக்கு எடுத்து வைத்தாள். முதலாளி இதையெல்லாம் அறியாமல் தன் காதுதான் ஜெயித்தது என்று சந்தோஷப்பட்டார். அவரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. மிச்சமிருந்த பாட்டுகளையும் அக்காவே நசுக்கினாள். வேறு ஆளிடம் விட்டால் இன்னும் நாசம் செய்துவிடுவான் என்ற பயம்.

உறையின் பின்பக்கம் அவள் பெயரோடு ஆல்பம் வெளிவந்தது. அந்த வாரமே இணையத்தில் ஒரு ரசிகர் பிடித்துக்கொண்டார். கணவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் அதை வாசித்துக் காட்டினார். முதல் சரணத்தைக் கொன்றுவிட்டார்களாம். இந்த அம்மாவுக்குக் காது எதற்கு இருக்கிறது, கண்ணாடி மாட்டவா என்று கேட்டிருந்தார்.

கணவருக்கு வந்ததே கோபம்! "பாடினவரே கேட்டுக்கிட்டதாலதான் செஞ்சேன்னு எழுது. நீ ஏன் பேச்சு வாங்கணும்?"

அக்கா போனை வாங்கி இரண்டு வரி எழுதினாள். ஏன் அப்படிக் கேட்டார் என்று அடுத்த ஆள் கேட்பானே. அழித்துவிட்டாள். ரசிகர் எழுதியதை மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஒரு வார்த்தை தப்பில்லை, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கணவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு ஒரு லைக் போட்டாள்.