மூணு தடவை வரணும்

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்குள் ஒரு பல் கிளினிக்குக்கு மகளைக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்ததுமே கிராம்பு வாசனை. மற்றவர்களுக்கு அது பிரியாணியை ஞாபகப்படுத்தும். எனக்கு ஜெசிந்தாவை.

ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த நாட்களில், ஹாஸ்டலில் நாங்கள் ஆறு பெண்கள் ஒரே அறை. ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கம். நான் சிவகங்கைக்காரி, என் சிரிப்பு அளந்துதான் வரும். அவள் அப்படியில்லை. கேன்டீனில் அவள் சிரித்தால் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவர்களும் காரணம் தெரியாமலே சிரிப்பார்கள்.

அவளுக்கு மேல்வரிசையில், முன்பல்லை ஒட்டிய பல்லில் வலி வந்தது. பத்து நாள் கிராம்பை இடுக்கிக்கொண்டே அசெம்பிளி லைனில் நின்றாள். தலையணை உறையைத் துவைத்தும் அந்த வாசனை போகவில்லை. பிரியாணிக் கடையில் குடியிருக்கிறோம், தட்டுதான் வரக் காணோம் என்று கிண்டல் செய்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கும் சிரித்தாள், பாவி.

அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் காலையில் மட்டும்தான் பார்ப்பார். எங்களுக்கோ வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இரவு ஷிப்ட் முடிந்தால் காலையில் தூக்கம்; மதிய ஷிப்ட் வாரத்தில்தான் காலை நேரம் எங்களுடையது. அது மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். அதனால் எங்கள் ஹாஸ்டலில் பல்லை அடைத்துக்கொண்டவர்கள் யாரும் கிடையாது, பிடுங்கிக்கொண்டவர்கள்தான். பிடுங்குவது ஒரே நாளில் முடிந்துவிடும், பாருங்கள்.

மதிய ஷிப்ட் வந்ததும் வார்டனிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, வாலாஜாபாத் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரிச் சீட்டு வரிசையில் முன்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்து, "இன்னாம்மா, உனக்கும் பல்லா? நீ நல்லாத்தானே கீற?" என்று விசாரித்தார். நான் நன்றாக இல்லை. அந்த வாரம் லைன் லீடர் வேலைக்கு என் பெயரைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் லேட்டானாலும் அவ்வளவுதான் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இரண்டு மணிக்கு ஷிப்ட். எங்கள் முறை வரும்போதே மணி பதினொன்றரை.

டாக்டரம்மா நல்ல மனுஷி. மருந்துப் பஞ்சை ஜெசியின் வாயில் வைத்தார். அவளால் பேச முடியாது என்பதால் என் பக்கம் திரும்பினார்.

"நல்ல பல்லும்மா, காப்பாத்திடலாம். இன்னைக்கு ஆரம்பிச்சா கொஞ்சம் நேரமாகும். இன்னும் ரெண்டு வாட்டி, மொத்தம் மூணு தடவ வரணும். அவளக் கேட்டுச் சொல்லு."

சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். நான் ஜெசியிடம் குனிந்து, "பிடுங்கணுமாம்டி" என்றேன். உங்களிடம் மறைப்பானேன், அவ்வளவுதான் சொன்னேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். பிடுங்கிவிடச் சொல்கிறாள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே கேட்டுக்குள் நுழைந்துவிட்டோம். லைன் லீடரும் ஆனேன். ஜெசி அதற்குப் பிறகு சிரிக்க நேர்ந்தால் கையை வாய்க்குக் கொண்டுபோகப் பழகிக்கொண்டாள். சத்தமும் குறைந்துபோனது. அவள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் பல் தெரியவில்லை. அதை இரண்டாவது முறை புரட்ட எனக்குத் தைரியம் வந்ததில்லை.

போன வாரம் கிளினிக்கில் மகளின் பல்லைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதும் அதேதான்: மூணு தடவை வரணும். முப்பது தடவை வேண்டுமானாலும் வருகிறோம் என்றேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிக்கு வீடியோ கால் போட்டு, இத்தனை வருஷம் மறைத்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"ஏட்டி, பஞ்சு வாயிலதான இருந்துச்சு, காதுல இல்லல்லா? நீ கடிகாரத்தையே பாத்துட்டு நின்ன. ஒன் மூஞ்சியப் பாக்கப் பாவமா இருந்துச்சு."

நான் லீடராக இருந்த அந்த லைன் இப்போது இல்லை. கம்பெனியையே மூடிவிட்டார்கள், காம்பவுண்டுக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஹாஸ்டல் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அவை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

போனில் அவள் சிரித்தாள். கை தானாக வாய்க்குப் போனது. அந்தக் கையை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான்தான்.