இன்னொருவன் பெயரில் நோயாளி

திருவொற்றியூரில் நான் குடியிருக்கும் சந்தில் யாருக்கும் என் பெயர் தெரியாது. எட்டு வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிறேன். பால் ஊற்றுபவர், வெற்றிலைக் கடைக்காரர், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் எல்லோருக்கும் நான் 'பர்மாக்காரர்'. என் மனைவி மீனாட்சி 'பர்மாக்காரம்மா'. ரங்கூனில் ஒரு புதுத் தெருவுக்குள் போனால் முதல் கேள்வியே "நாமே பெலோ கோதலெ?" என்பதுதான். பெயர் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் டீக்கடைக்காரன்கூடக் கோப்பையை நம் பக்கம் நகர்த்துவான். பெயரைத் தெரிந்துகொண்ட பிறகும் முதுகுக்குப் பின்னால் எங்களைக் 'கலா' என்றுதான் சொன்னார்கள். கடல் தாண்டி வந்தவன் என்பதற்கு அங்கே அந்தச் சொல். இங்கே, என் அப்பா பேசிய தமிழையே பேசும் ஊரில், அதே பொருளுக்குப் 'பர்மாக்காரர்'. முதல் சில மாதம் அது உறுத்தியது. பிறகு சௌகரியமாகப் போயிற்று. ஏனென்றால் வேலை செய்த இடத்தில் எனக்கு வேறொரு பெயர் இருந்தது.

ரங்கூனிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் வந்து, இந்தத் துறைமுகப் பக்கத்தில் கிடைத்த வேலையில் ஒண்டிக்கொண்ட நம்மவர்களில் இன்னும் சிலர் என்னைப் போலவே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். யுத்தம் முடிந்து, ராமநாதபுரம் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டு மெட்ராஸ் வந்தோம். இரும்புப் பீப்பாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் பத்து நாள் நின்றேன். புது ஆள் எடுப்பதில்லை என்றார்கள். பதினோராம் நாள் மேஸ்திரி நாகரத்தினம் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ஏழுமலைன்னு ஒருத்தன். ரெண்டு மாசமா ஆளே வர்ல. பேரு ரிஜிஸ்டர்ல கீது, டோக்கன் எங்கைல கீது. நீ ஏழுமலைன்னு சொல்லிக்கினு உள்ள பூடு," என்றார். அதற்கு அவர் என்னிடம் வாங்கிக்கொண்டது எங்களுக்குள் இருக்கட்டும். சுப்பையா என்ற நான் அன்றிலிருந்து கன்னியப்பன் மகன் ஏழுமலையாகப் பீப்பாய்களுக்குப் பச்சை வர்ணம் அடித்தேன்.

சில வருஷம் கழித்துத் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் திட்டம் வந்தது. சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். நோயில் விழுந்து வேலைக்குப் போக முடியாவிட்டால், டாக்டர் வாராவாரம் தரும் சர்ட்டிபிகேட்டைக் காட்டிச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதியை வாங்கிக்கொள்ளலாம். ரங்கூன் அரிசி ஆலையில் மூட்டை சரிந்து என் அப்பாவின் இடுப்பு ஒடிந்தபோது அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய கம்பளியும், ஊருக்குப் போய்விடு என்ற யோசனையும்தான். படுத்திருப்பவனுக்குப் பணம் வரும் என்று சொன்னால் அவர் சிரித்திருப்பார். இன்ஷூரன்ஸ் பாரம் நிரப்ப வந்த குமாஸ்தா ரிஜிஸ்டரைப் பார்த்தே எல்லாவற்றையும் எழுதினார். மனைவி பெயர் என்ற இடத்தில் 'தனபாக்கியம்' என்று எழுதினார். விலாசம் மட்டும் என்னைக் கேட்டார். கையெழுத்துத் தெரிந்தவர்களும் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்றார். வைத்தேன். பக்கத்தில் ஏழுமலை என்று கையெழுத்துப் போட்டபோது என் கை கொஞ்சம் தயங்கியது. அவ்வளவுதான். அந்தத் தனபாக்கியம் யார், இருக்கிறாளா இல்லையா என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

போன வருஷம் ஆடியில் இருமல் ஆரம்பித்தது. வர்ண வாடை என்று நினைத்தேன். ஒரு நாள் காலை முகம் கழுவும்போது வாயிலிருந்து வந்த எச்சிலில் ரத்தம். எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது நுரையீரலில் மேல்பக்கம் ஓட்டை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க நாளாகும், அதுவரை தினம் வந்து ஊசி போட்டுக்கொள், வேலைக்குப் போகவே கூடாது என்று சொல்லிவிட்டுச் சர்ட்டிபிகேட் எழுதினார். 'ஏழுமலை, காச நோய்' என்றிருந்தது. அதைப் படித்தபோது ஒரு கணம் அந்த முகம் தெரியாத மனிதருக்காகப் பரிதாபப்பட்டேன். பிறகுதான் மார்பு வலிப்பது எனக்கு என்று உறைத்தது. முதல் சில வாரம் பணம் ஒழுங்காக வந்தது. மீனாட்சி என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக் கொதிநீரில் கழுவினாள். பிழைத்துக்கொள்வேன் என்று நம்ப ஆரம்பித்தோம்.

அப்போதுதான் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். நோய் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போகிறோமா என்று பார்த்துவிட்டுப் போக வருவார்களாம். நல்ல வெயில் நேரம். நான் உள்ளே படுத்திருந்தேன். சந்தின் முனையிலிருந்து ஒவ்வொரு வாசலாக அவர் கேட்டுக்கொண்டு வருவது காதில் விழுந்தது. "ஏழுமலை வீடு எது?" "ஏழுமலையா? அப்டி யாரும் இங்க இல்லியே." அடுத்த வாசல். "இல்ல சார், வேற தெருவா இருக்கும், நல்லா பாரு." என் சந்துக்காரர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எழுந்து போய் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் சந்து முழுவதும் வாயைப் பிளக்கும். படுத்தே இருந்தேன். கடைசியில் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இந்த வீட்டில் நோயாளி இருக்கிறாரா அம்மா? அவர் உன் வீட்டுக்காரரா? பெயர் என்ன?"

கட்டிய கணவன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கிடையாது. மீனாட்சி ரேஷன் கடையில்கூட என் பெயரைச் சொன்னதில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மறுபடி கேட்டார். மூன்றாம் முறை குரல் உயர்ந்தது. நான் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"சுப்பையா," என்றாள் மீனாட்சி.

வந்தவர் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்கு இருமல் வந்துவிட்டது. அது அடங்கியதும் அவளைத் திட்டினேன். அவள் கொதிக்கும் தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நீங்க ஏழுமலையாச் செத்துப் போனா நான் யாருக்குப் பொஞ்சாதி? அந்த மலையில வழிநெடுகக் கெடந்தாகளே, ஒருத்தருக்காச்சும் பேரு தெரிஞ்சுச்சா?" என்று கேட்டாள். அரக்கான் மலைப்பாதையைத்தான் சொன்னாள். குண்டு விழத் தொடங்கியதும் ரங்கூனை விட்டு நடந்தோம். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். பாதை ஓரத்தில் உட்கார்ந்த நிலையிலேயே செத்துப்போன ஒரு பெரியவரின் மேல் மீனாட்சி இலைகளை ஒடித்துப் போட்டாள். எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று கேட்டுக்கொண்டே போட்டாள். பதில் சொல்ல அங்கே யாருமில்லை. அவள் கேட்டதை நான் மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை.

அடுத்த வாரம் பணம் வரவில்லை. ஊசி போட்டுக்கொண்டு நேரே இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலில் இருந்த சிப்பந்தி என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு "அப்பால வா" என்றார். எங்கள் பக்கத்தில் அப்பால் என்றால் தள்ளி என்று பொருள். தள்ளிப்போய்ச் சுவரோரமாக நின்றேன். மத்தியானம்வரை அப்படியே நின்றேன். தலை சுற்றியது. "இன்னாய்யா, அப்பால வான்னு சொன்னனே, இங்கியே நின்னுகினு கீறியே?" என்று அவர் கத்தினார். மெட்ராஸில் 'அப்பால' என்றால் 'பிறகு' என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாமல் இல்லை. நோயும் பயமும் சேர்ந்தால் பழைய பேச்சுத்தான் காதில் விழுகிறது. சத்தம் கேட்டு அதிகாரி என்னை உள்ளே அழைத்தார். கண்ணாடி போட்ட, மெல்லிய குரல்காரர். "நீங்கள் ஏழுமலையா, சுப்பையாவா? பதிவில் மனைவி தனபாக்கியம் என்று இருக்கிறது. வீட்டில் இருப்பவர் அவர்தானா?" என்று கேட்டார். "பத்து நாளில் விசாரணை. தனபாக்கியத்தை அழைத்து வாருங்கள். அதுவரை பணம் நிறுத்தி வைக்கப்படும்," என்றார்.

மேஸ்திரியிடம் போனேன். அவர் முகம் கறுத்துப் போயிற்று. "நெசத்த சொன்னேன்னு வையி, உன் வேலையும் பூடும், என் வேலையும் பூடும். அந்தப் பொம்பள டோல்கேட்டாண்ட கீது, கிடங்குல தானியம் பொடைக்குது. ஏதாச்சும் குட்த்து, நீதான் புருஷன்னு சொல்ல வையி. வாய மூடிக்கினு இரு," என்றார். வீட்டில் மீனாட்சி கிடங்குகளுக்குச் சாக்குத் தைக்க ஆரம்பித்திருந்தாள். கோணி ஊசி குத்தி விரல் வீங்கியிருந்தது. மேஸ்திரி சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அதைச் செய்துவிடுவது என்ற முடிவோடுதான் தண்டையார்பேட்டை டோல்கேட்டுக்குப் போனேன். அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை.

தனபாக்கியம் கிடங்கு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அம்மா, ஏழுமலை விஷயமாக வந்திருக்கிறேன். உடம்பு சரியில்லை, காச நோய்," என்றேன்.

முறம் கீழே விழுந்தது. "எங்க கீறாரு? எந்த ஆஸ்பத்திரி? கப்பல்லருந்து எப்ப எறங்குனாரு?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். செய்த தப்பு எனக்குப் புரிவதற்குள் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டாள். "இல்லையம்மா, நோய் எனக்கு. நான்தான் ஏழுமலை. அந்தப் பெயரில் நான் வேலை செய்தேன்," என்று உளறினேன். அவள் கை மெல்ல விட்டது. கணவன் கப்பல் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் எட்டு வருஷத்துக்கு மேலாகிறது, ஒரு கடிதாசிகூட இல்லை என்று அவளாகவே சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, இத்தினி வருசமா அவுரு தெனம் வேலைக்கு வந்துகினு இருந்தாரா?"

"ரிஜிஸ்டரில் வந்தார்."

"ஒரு நாளு கூடத் தப்பாம?"

"தப்பாமல்."

அவள் கீழே சிதறியிருந்த துவரையைப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் எதற்காக வந்தேனோ அதைச் சொல்ல முடியவில்லை. விசாரணை நாளையும் இடத்தையும் மட்டும் சொன்னேன். "நீங்கள் என்ன சொன்னாலும் சரி," என்றேன். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

விசாரணையன்று மீனாட்சியும் என்னோடு வந்தாள். மேஸ்திரி வராந்தாவில் பீடியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்குத் தனபாக்கியம் வந்தாள். வெளுத்த சேலை உடுத்தி, பூ வைத்திருந்தாள். மேஸ்திரி அவள் பக்கத்தில் போய் ஏதோ முணுமுணுத்தார். அவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள்? உள்ளே அதிகாரி கணவர் பெயரைக் கேட்டார்.

"அவுரு பேர நான் சொல்லமாட்டேன் சார். நீங்க சொல்லுங்க, ஆமான்றேன்."

"ஏழுமலையா?"

"ஆமா."

"இதோ நிற்கிறாரே, இவரா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மீனாட்சியைப் பார்த்தாள். மீனாட்சியின் வீங்கிய விரல்களில்தான் அவள் பார்வை நின்றதாக எனக்குத் தோன்றியது. ஆம் என்றால் எனக்குப் பணம், மருந்து எல்லாம். ஆனால் என் மனைவி யாருமில்லாதவள் ஆகிவிடுவாள். இல்லை என்றால் தனபாக்கியத்தின் கணவன் அந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

"இல்ல சார்," என்றாள். "என் வூட்டுக்காரு கப்பலுக்குப் போனாரு. வர்ல." அதைச் சொல்லி முடித்ததும் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்த 'வர்ல'வை அதற்கு முன் அவள் யாரிடமும் சொன்னதில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

அதன் பிறகு நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதிகாரி வெகுநேரம் எழுதினார். என் பெருவிரலில் மை தடவிப் புதிதாக ரேகை எடுத்தார். "பணம் பிடித்தது இந்த விரலுக்குரியவர் சம்பளத்தில். ஆனால் முடிவு செய்வது நான் மட்டும் அல்ல," என்றார். ஏழு வாரம் காத்திருந்தோம். அந்த ஏழு வாரமும் கோணி ஊசியை நிறுத்தாமல் மீனாட்சி சாக்குத் தைத்தாள். ஒரு நாள் தனபாக்கியம் தான் வேலை பார்த்த கிடங்கிலிருந்தே அவளுக்குச் சாக்கு வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் உத்தரவு வந்தது. நிறுத்தி வைத்ததையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நோயில் இருப்பவனை நீக்கக் கூடாது என்பதால் தொழிற்சாலையும் என்னை நீக்கவில்லை. ஆனால் குணமாகிப் போனால் புது ஆளாகத்தான் சேர்ப்பார்களாம். எட்டு வருஷத்து உழைப்பு கணக்கில் வராது. மேஸ்திரி இப்போது என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

புது அட்டையில் 'ஏழுமலை என்கிற சுப்பையா' என்று எழுதியிருக்கிறது. பழைய பெயரை அடித்தால் பழைய பதிவோடு சேராதாம். அதைக் கேள்விப்பட்டுத் தனபாக்கியம் வீட்டுக்கு வந்தாள். படிக்கத் தெரியாது. "இதுல எது அவுரு?" என்றாள். காட்டினேன். நாலு எழுத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"நாளிக்கி வந்துட்டாருன்னா இத்தக் குட்த்துடுவியா?"

"கொடுத்துவிடுவேன்."

"அதுவரிக்கும் பத்ரமா வச்சிக்கோ," என்று சொல்லிவிட்டு, மீனாட்சி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

நம்மவர்களே, உங்கள் சொந்தப் பெயரில் பாரம் எழுதிக்கொள்ளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். எனக்கு ஓட்டை மூடிக்கொண்டு வருகிறது என்கிறார் டாக்டர். மாதம் ஒருமுறை எக்ஸ்ரேக்குப் போகிறேன். இருமிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். நர்ஸ் கதவைத் திறந்து "ஏழுமலை!" என்று கூப்பிடுவார். நான் எழுந்து நிற்பேன். ஆனால் உடனே போவதில்லை. ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன், எனக்குப் பின்னால் பெஞ்சிலிருந்து வேறு யாராவது எழுந்திருக்கிறார்களா என்று.