புதுப் பரிசல் இறங்கிய திங்கட்கிழமை

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மேற்குக் கடலோரத்தில் ஏதோ ஒரு தீவாம். லீவு நாளில் தோழிகளோடு போயிருக்கிறாள். படத்தில் மூன்று ஆட்கள் ஒரு படகைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் சுமந்துகொண்டு கடலைப் பார்த்து நடக்கிறார்கள். முகம் ஒன்றும் தெரியவில்லை. கருவண்டு ஒன்றுக்கு ஆறு மனிதக் கால் முளைத்த மாதிரி இருந்தது. மெல்லிய மரச்சட்டங்களை வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் துணியை இழுத்துப் போர்த்தித் தார் பூசுகிறார்களாம். அந்தக் காலத்தில் துணிக்குப் பதில் மாட்டுத் தோலாம். "அம்மா, பெரிய தாத்தா செஞ்ச பரிசல் மாதிரியே இல்ல? எவ்ளோ அழகு! இந்தத் தீவு வாழ்க்கையே தனிம்மா" என்று ஒரு குரல் பதிவு வேறு. அழகாம். ஒரு பகல் சுற்றிப் பார்த்துவிட்டுக் கப்பலேறித் திரும்புகிறவளுக்கு அழகாகத்தான் இருக்கும். அந்தத் தீவுப் பொம்பளை ஒருத்தியைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருந்தால் சங்கதி தெரிந்திருக்கும். சேலம் அம்மாப்பேட்டையில் என் சேலைக் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அன்று முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

ஏனென்றால் நானும் தீவுக்காரிதான். மோகனூருக்கு மேற்கே காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடும் இடத்தில், நடுவே கிடந்த திட்டுதான் எங்கள் ஊர். ஊர் என்றால் நாலு வீடு, கொஞ்சம் வாழை, ஒரு வெற்றிலைக் கொடிக்கால், அவ்வளவுதான். கோடையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே கரைக்குப் போய்விடலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் அப்புறம் தை கழியும்வரை பரிசல்தான். உப்பு வாங்க, பள்ளிக்கூடம் போக, பிள்ளை பெற, பிணம் எடுக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அதைச் செய்தவர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். நாலு வீட்டுக்கும் அவர் சொன்னதுதான் சட்டம். பரிசல் அவருடையதாக இருக்கும்போது வேறு யார் வாயைத் திறப்பது?

வேலையில் அவரைக் குறை சொல்ல என் வாயாலேயே முடியாது. மூங்கிலைப் பட்டை பட்டையாகப் பிளந்து தரையில் பரப்பி, கூடை முடைவதுபோல் அடிப்பாகத்தை முடைவார். நடுவில் பாறாங்கற்களை ஏற்றி வைத்துவிட்டு ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வளைத்துக் கட்டுவார். இரண்டு நாள் அந்தப் பாரத்திலேயே கிடந்து வளைவு படியும். அவருடைய அப்பா காலத்தில் எருமைத் தோல் போர்த்தினார்களாம். இவர் உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்துப் போர்த்தி, தாரைக் காய்ச்சிப் பூசுவார். அவர் செய்த பரிசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மனுஷன் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். நீங்கள் எதைக் கேட்டாலும் ஆற்றைப் பார்த்துக்கொண்டுதான் பதில் வரும், அதுவும் வந்தால்.

புதுப் பரிசல் இறக்குவதற்கென்று எங்கள் திட்டில் முறை இருந்தது. புதுசு தண்ணீரில் இறங்கும்போது பழசு கரையில் இருக்கக் கூடாது. முந்தின நாளே அதைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அந்த மூங்கிலை எரித்துத்தான் புதுசுக்குப் பொங்கல் வைப்பார்கள். அடுத்தது, முதன்முதலில் அதில் சுமங்கலிகள் ஏறி மூன்று சுற்று வர வேண்டும். அது முடியும்வரை தாலியறுத்தவள் அதில் கால் வைக்கக் கூடாது. சுற்று முடிந்த பிறகு யாரும் ஏறலாம். என் அம்மா தாலியறுத்தவள். அதுவும் ஆற்றுக்கே புருஷனைக் கொடுத்தவள். அப்பா வெள்ளத்தில் மிதந்து வந்த மரத்தைப் பிடிக்க நீந்திப் போனார். மரம் மட்டும் கரை ஒதுங்கியது. எனக்கு அப்போது எட்டு வயது. அதற்குப் பிறகு சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் பெரியப்பா சொல்லுவார்: "ஆறு ஒரு ஊட்டுல ருசி கண்டுருச்சுன்னா மறுக்காவும் அதே ஊட்டுக்குத்தான் வரும். சாக்கிரதையா இருங்க." பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்த எனக்கு அது ஒவ்வொரு முறையும் காதில் விழும்.

எனக்குப் பத்து வயதானபோது, ஓர் ஆடி மாதம் அம்மாவுக்குத் தபாலில் ஒரு அட்டை வந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலை. எங்கள் வாத்தியார் தானே மனு எழுதிப் போட்டு ஏற்பாடு செய்தது. புருஷனை இழந்தவர்களுக்கு முன்னுரிமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு யூனியன் ஆபீசில் நேரில் நிற்க வேண்டும். "பத்து மணிக்குப் பேரு கூப்புடுவாங்க. ஆள் இல்லைன்னா அடுத்த பேருக்குப் போயிரும் அம்மணி, முன்னாடியே போயி உக்காந்துக்க" என்று வாத்தியார் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். வேலை கிடைத்தால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ஓர் அறை. அம்மா பெரியப்பாவின் வாழைத்தோட்டத்தில் சோற்றுக்காகக் குனிந்து நிமிர வேண்டாம். நான் பரிசலுக்குக் காத்துக் கிடக்காமல் மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழையலாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த அட்டையை அரிசிப் பானையிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எடுத்துப் பார்ப்பாள்.

அந்தத் திங்கட்கிழமையைத்தான் பெரியப்பா பரிசல் இறக்கக் குறித்தார். அம்மா அட்டையைக் காட்டிச் சொல்லத்தான் செய்தாள். "ஏழரைக்குத்தான் ராகுகாலம். அதுக்கு முந்தியே எறக்கிருவேன். ஏழரைக்கெல்லாம் நீ அக்கரையில இருப்ப அம்மணி" என்றார், ஆற்றைப் பார்த்துக்கொண்டே. ஞாயிற்றுக்கிழமை பழசைப் பிரித்தாயிற்று. அன்று சாயங்காலமே வானம் மூடிக்கொண்டது. விடிந்தும் வெயில் இல்லை. புதுசின் விளிம்பில் தார் இறுகவில்லை, கை வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரத் தாரோடு பூசை போட்டால் குற்றம் என்று பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். ஏழரை ஆயிற்று. இனி ஒன்பது வரை ராகுகாலம். அப்புறம் பூசை, அப்புறம் மூன்று சுற்று, அதற்கப்புறம் அம்மா. அக்கரையிலிருந்து ரோட்டுக்கு இரண்டு மைல் நடை, அங்கிருந்து பஸ். திட்டில் வேறு பரிசலும் இல்லை.

அம்மா வெளுத்த சேலையில், அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு துறையிலேயே நின்றாள். "மாமா, நான் மட்டும் போயிட்டு வந்தர்றனுங்க. துடுப்பு எனக்குப் போடத் தெரியுமுங்க" என்று பெரியப்பாவிடம் கெஞ்சினாள். திட்டுப் பெண்கள் எல்லோருக்குமே தெரியும். "ஏம்புள்ள, தெரிஞ்சுதான் பேசறயா? ஆத்துக்கு ஆளக் குடுத்தவ மொத அடி வெக்கறதா?" என்று பெரியம்மாதான் சீறினாள். பெரியப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பதுக்கு மேல் பூசை நடந்தது. மஞ்சள் பூசிய மூன்று பேர் சிரித்துக்கொண்டே சுற்றி வந்தார்கள். நாங்கள் யூனியன் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. மூன்று தரம் பேர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டதாக அங்கிருந்த கிளார்க் தலையைத் தூக்காமல் சொன்னார். அம்மா சண்டை போடவில்லை, அழவில்லை. சிமெண்டுத் திண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் அம்மா அந்த வாழைத்தோட்டத்தில்தான் கிடந்தாள். நான் எட்டாவதோடு நின்றேன். பரிசல் வராத நாட்கள் சேர்ந்து சேர்ந்து பள்ளிக்கூடமே என்னை மறந்துவிட்டது. அப்புறம் குமாரபாளையத்தில் தறிப்பட்டறை, கல்யாணம், சேலம். இத்தனைக்கும் நான் ஒரே ஓர் ஆளைத்தான் வைதேன். வேண்டுமென்றே அந்த நாளைக் குறித்தார், தோட்டத்துக்கு ஆள் போய்விடும் என்று தடுத்தார் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். என் கல்யாணத்தில் அவர் சீர்த்தட்டோடு வந்து நின்றார். எல்லோர் காலிலும் விழுந்தேன், அவர் முன்னால் மட்டும் மரம் மாதிரி நின்றேன். மண்டபமே பார்த்தது. "நல்லா இரு சாமி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனார். எனக்கு அன்று அவ்வளவு திருப்தியாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று தகவல் வந்தது. திட்டில் இப்போது யாரும் இல்லை. மேற்கே பாலம் வந்து, நாலு வீடும் கரைக்குக் குடிவந்து ரொம்ப நாளாயிற்று. என்னோடு இருக்கும் அம்மா, "ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்லாம் சாமி" என்று நச்சரித்தாள். நான் போனதே மனதில் இருந்ததை அவர் முகத்துக்கு நேரே கொட்டத்தான். ரோட்டோரம் மகன் வீட்டில், லாரிச் சத்தத்துக்கு நடுவே கட்டிலில் கிடந்தார். எலும்பும் தோலுமாக இருந்தவரிடம் இதைக் கேட்கலாமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. "அன்னைக்கு 'ஏறிக்க அம்மணி'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? எங்க பொழப்பையே கெடுத்தீங்களே!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க ஆறும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் பேசினார். "அன்னைக்கு நீ கேட்ட கையோட, எலுமிச்சம்பழத்த மறந்துட்டேன்னு சொல்லிட்டுத்தான ஊட்டுக்குப் போனேன்? பொங்கப் பானை தூக்கோணும்னு அத்தன பேரையும் கூட்டிட்டுப் போனேன். துடுப்பப் பரிசலுக்குள்ளயே போட்டுட்டுப் போனேன். நீயும் ஒரு கால உள்ள வெச்சியே அம்மணி. கொய்யா மரத்துக்கிட்ட நின்னு பாத்துட்டுத் திரும்பிக்கிட்டேன். இந்தக் கழுத கத்துன கத்துல எல்லாரும் ஓடியாந்துட்டாங்க. அப்பறம் நான் என்ன பண்றது?"

பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கே இருந்ததோ, அவ்வளவும் திரும்ப வந்துவிட்டது. துறையில் நானும் அம்மாவும் மட்டும் நிற்கிறோம். அம்மா சுற்றும் முற்றும் பார்க்கிறாள். ஒரு கால் பரிசலுக்குள், ஒரு கால் மணலில். பரிசல் ஆடுகிறது. நான் அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு வீறிடுகிறேன்: "ஏறாத! நீ மொதல்ல ஏறுனா ஆறு உன்னையும் எடுத்துக்கும்! ஏறாதம்மா!"

நாமக்கல்லில் பஸ் ஏறினோம். ராசிபுரம் தாண்டியதும் கேட்டேன், "நெசமாம்மா?"

"ஆமா."

"ஏன் இத்தன வருசம் சொல்லல?"

"சொன்னா உன்னையவே வஞ்சுக்குவ. அவர வஞ்சா அவரு தாங்குவாரு. புள்ளைகிட்டச் சொல்லிராதீங்க மாமான்னு நாந்தான் கேட்டுக்கிட்டேன். கடேசில, ஒடம்புக்கு முடியாதப்பதான் அவரு வாயில வந்துருச்சு."

அப்படியானால் மண்டபத்தில் நான் மரமாக நின்றபோதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் நல்லா இரு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நினைக்க நினைக்க எனக்கு அவமானமாக இருந்தது. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பார்க்காத மாதிரித் திரும்பிக்கொள்ளத் தெரிந்தவருக்கு, நாலு பேர் முன்னால் ஏறச் சொல்லத் தெரியவில்லையே. பத்து வயதுப் பிள்ளையின் வாயில் அந்தப் பயத்தைச் சோற்றோடு சேர்த்து ஊட்டியவரும் அவர்தானே. இப்படி அவரையும் என்னையும் மாற்றி மாற்றி வைதுகொண்டே வந்தேன். நான் முணுமுணுப்பது காதில் விழுந்திருக்க வேண்டும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மட்டும் பயந்துக்கல சாமி. உள்ள வெச்ச காலு எனக்கும் கெடுகெடுன்னு நடுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நீ கத்துனதும், அப்பாடான்னு எடுத்துட்டேன்."