புற்றுமண்ணும் என் கையும்

சங்கரன்கோவிலுக்கு முதல் தடவை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதலில் போனது எண்பத்து மூன்றில், அங்கத்திய பெரிய திருவிழாவான ஆடித்தபசுக்கு மறுநாள். சாமி கும்பிடப் போனேன் என்றால் பொய். மச்சான் முருகையா விசைத்தறியில் காலை மாட்டிக்கொண்டு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ராஜபாளையத்தில் காலை ஆறு இருபதுக்கு பஸ், டிக்கெட் இரண்டு ரூபாய். "ஒரு மணி நேரத்துல எறக்கி விட்டுருதேன்" என்றார் கண்டக்டர். தபசுக் கூட்டத்தில் எட்டேகால் ஆனது. பின்சீட்டில் பூ மூட்டைகள். பஸ் முழுக்க மல்லிகை வாசம். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

கோவிலில் புற்றுமண் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம் நடந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே பிரசாதமே புற்றுமண்தான். நோய் தீர நெற்றியில் இட்டுக்கொள்வார்கள்.

மச்சானின் கட்டு சீழில் நனைந்து நழுவியிருந்தது. அதைச் சரிசெய்து, சுற்றிலும் மண்ணைப் பூசினேன். நமக்குத்தான் சும்மா இருக்க வராதே! அதே கையோடு வார்டிலிருந்த எட்டுக் கட்டிலுக்கும் போய் எல்லோருக்கும் நெற்றியில் வைத்தேன். பக்கத்துக் கட்டிலில் ராயகிரி விவசாயி செல்லையா, குடலிறக்க ஆபரேஷன் ஆனவர்.

"வயித்துலயும் கொஞ்சம் தடவுங்க அண்ணாச்சி. நாளக்கழிச்சு வீட்டுக்குப் போறேன். ஆவணியில மக கல்யாணம், நீங்களும் வந்துரணும்" என்றார்.

தையலோரம் தாராளமாகவே தடவினேன்.

பத்து நாள் கழித்துப் போனபோதும் செல்லையா அதே கட்டிலில் கிடந்தார், அனலாகக் கொதிக்கும் காய்ச்சலோடு. வார்டு நர்ஸ் மேரி சிஸ்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"சீழை டெஸ்ட்டுக்கு அனுப்புனோம். ஒங்க மச்சானுக்கு இருக்க அதே கிருமிதான் இவருக்கும். இங்கன இருக்க எந்த ஊசிக்கும் கேக்க மாட்டேங்குது. மதுரைலேருந்து வேற மருந்து வரணும். அன்னைக்கு வார்டு பூரா மண்ணு வச்சது நீங்கதான?"

"சாமி பிரசாதம் சிஸ்டர்..."

"நெத்தியில வைக்கதை நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. புண்ணுல வைக்கலாமா? அதுலயும் எல்லாருக்கும் ஒரே கை! எங்க லட்சணமும் அதுதான், எட்டு பேருக்கும் ஒரே துண்டு. ஒங்க மச்சான் என்னன்னா, கடையில மாத்திரை வாங்கி ரெண்டு திங்கான், வலி நின்னா நிப்பாட்டுதான். கிருமி பழகாம என்ன செய்யும்?"

ஆவணியில் கல்யாணத்துக்குப் போனேன். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தது அவள் சித்தப்பா. செல்லையா வார்டில்தான் இருந்தார்.

போகிறவர்கள் காலையிலேயே கோவிலுக்குப் போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். மல்லிகை மறக்காமல் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அடுத்த கட்டில்காரரிடம் தள்ளி நின்றே நலம் கேளுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

செல்லையாவைக் கடைசியாக ஐப்பசியில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க தடவுன மண்ணாலதான் அண்ணாச்சி உசுரோட இருக்கேன்" என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.